செவ்வாய், வெள்ளி வைஃபை கொடுக்காது

போன ஜூன் மாதம் இரண்டு நாள் உட்கார்ந்து 1,920 எழுத்து தட்டினேன். 160 டேப்லெட். பெட்டிக்கு ஒரு ஸ்டிக்கர், ஸ்டிக்கருக்கு 12 எழுத்து. மேக் அட்ரஸ் என்பார்கள், ஒவ்வொரு கருவிக்கும் கம்பெனியிலேயே குத்தி அனுப்பும் அடையாள எண். இந்த 160 எண் மட்டும்தான் வகுப்பறை வைஃபைக்குள் வரலாம், வெளியாள் போன் ஒன்றும் நுழையக்கூடாது என்று பட்டியல் போடச் சொல்லியிருந்தார்கள். இடுப்பு வலிக்க வலிக்கப் போட்டு முடித்தேன்.

மூன்றாம் நாள் ஒன்பதாம் வகுப்பு ஏ செக்ஷனில் டேப்லெட் கொடுத்தோம். ஒன்றுகூட கனெக்ட் ஆகவில்லை.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு மெட்ரிக் பள்ளியில் கம்ப்யூட்டர் லேப் என் பொறுப்பு. சம்பளப் பட்டியலில் லேப் அசிஸ்டென்ட், பிள்ளைகளுக்கு லேப் மிஸ். பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும், ஆபீஸ் சிஸ்டம் ஆன் ஆகாவிட்டாலும், கரஸ்பாண்டன்ட் ஐயா போனில் போட்டோ நிறைந்து போனாலும் கூப்பிடுவது என்னைத்தான். நெட்வொர்க் படித்தவள் இல்லை. பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ், அதுவும் பதினெட்டு வருடத்துக்கு முன்னால். அதனால் கீழே எழுதப் போவதெல்லாம் அடி வாங்கிக் கற்றது. டேப்லெட் வாங்கப் போகும் இன்னொரு பள்ளியில் என்னைப் போல ஒருத்தி இருப்பாள், அவளுக்காக எழுதுகிறேன்.

முதல் நாள் கதைக்கு வருவோம். பட்டியலில் தப்பு இருக்கும் என்று 27-ம் நம்பர் டேப்லெட்டை எடுத்து ஸ்டிக்கரோடு ஒப்பிட்டேன். எழுத்துப் பிசகாமல் சரி. அப்புறம் செட்டிங்ஸில் அந்த வைஃபை பெயரை அமுக்கிப் பார்த்தால் அங்கே வேறொரு மேக் அட்ரஸ்! ஸ்டிக்கருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

2019-ல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதலே இப்படித்தானாம். 2020-ல் ஐபோன், ஐபேடிலும் ஐ.ஓ.எஸ். 14-உடன் வந்துவிட்டது. கருவி தன் உண்மை எண்ணைக் காட்டாது, ஒரு பொய் எண்ணை உருவாக்கிச் சொல்லும். காரணம் நல்ல காரணம்தான். நீங்கள் ஒரு மாலுக்கோ ஏர்போர்ட்டுக்கோ போனால், அங்கிருக்கும் வைஃபை உங்கள் போனின் எண்ணை வைத்தே நீங்கள் எங்கே நின்றீர்கள், எத்தனை நாள் வந்தீர்கள் என்று கணக்குப் போடும். அதைத் தடுக்கத்தான் இந்த முகமூடி. முகமூடி எண்ணைக் கண்டுபிடிக்க ஒரு குறுக்குவழியும் இருக்கிறது: 12 எழுத்தில் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, ஈ இந்த நான்கில் ஒன்றாக இருந்தால் அது கம்பெனி கொடுத்த எண் இல்லை. இது தெரிந்த பிறகு எந்த எண்ணைப் பார்த்தாலும் கண் முதலில் இரண்டாவது எழுத்துக்குத்தான் போகிறது.

பிளஸ் ஒன் பையன்கள் இருவரை வைத்துக்கொண்டு 160 டேப்லெட்டிலும் அந்த முகமூடியைக் கழற்றினோம். ‘யூஸ் ரேண்டமைஸ்டு மேக்’ என்று இருப்பதை ‘யூஸ் டிவைஸ் மேக்’ என்று மாற்ற வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்த மாற்றம் அந்த ஒரு வைஃபை பெயருக்கு மட்டும்தான் செல்லும் என்பதை அன்றைக்கு நான் கவனிக்கவில்லை. அது பின்னால் வந்து கடித்தது.

சரி, கனெக்ட் ஆகிவிட்டது. அடுத்த திங்கள்கிழமை சயின்ஸ் மிஸ் 40 பிள்ளைகளிடமும் புத்தகத்தில் இருக்கும் க்யூ.ஆர். கோடை ஸ்கேன் பண்ணச் சொன்னார். நம் பாடப்புத்தகங்களில் 2018-லிருந்து அந்தக் கட்டம் போட்ட படம் இருக்கிறதே, அதுதான். தீக்ஷா ஆப்பில் ஸ்கேன் செய்தால் பாடத்துக்குரிய வீடியோ வரும். வந்தது, மூன்று பேருக்கு. மீதிப் பேருக்குச் சுற்றியது.

எங்கள் பள்ளியில் ‘சுத்துது’ என்பது இப்போது ஒரு முழு வாக்கியம். எழுவாய், பயனிலை எதுவும் வேண்டாம். வராந்தாவில் நடந்து போனால் ஜன்னல் வழியே "மிஸ், சுத்துதுங் மிஸ்" என்று குரல் வரும்.

கரஸ்பாண்டன்ட் ஐயா வந்து ஒரு டேப்லெட்டை வாங்கிப் பார்த்தார். "ஏனம்மணி, ஃபுல் டவர் காட்டுதே? அப்புறம் ஏன் சுத்துது?"

நியாயமான கேள்வி. அதைவிட எனக்குக் குடைச்சல் கொடுத்தது வேறு ஒன்று. முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை அதே வகுப்பறையில் பத்து டேப்லெட்டை வைத்து நானே சோதித்திருந்தேன். தண்ணீர் மாதிரி ஓடியது.

ஐயாவுக்குச் சொன்ன விளக்கத்தை இங்கேயும் சொல்கிறேன். எங்கள் ஊர் மாட்டுச் சந்தையில் செவ்வாய், வியாழன் போனால் பார்க்கலாம். வாங்குபவரும் விற்பவரும் கைமேல் துண்டைப் போட்டுக்கொண்டு அதற்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். சத்தமே இருக்காது. பக்கத்தில் நூறு பேரம் நடந்தாலும் ஒன்றுக்கொன்று இடைஞ்சல் கிடையாது. கேபிள் அப்படி, துண்டு பேரம். வைஃபைக்குத் துண்டு கிடையாது. அத்தனை பேரும் வாய்விட்டுத்தான் பேச வேண்டும், அதுவும் ஒரு நேரத்தில் ஒருவர்தான். இரண்டு பேர் சேர்ந்து பேசிவிட்டால் இரண்டுமே காதில் விழாது, கொஞ்சம் பொறுத்து இருவரும் மறுபடி சொல்ல வேண்டும். கடைசி பெஞ்சில் இருப்பது தூரத்தால் மெதுவாகத்தான் பேசும், அது முடிக்கும் வரை முன்பெஞ்சும் வாயை மூடிக் காத்திருக்கும். டேப்லெட்டில் தெரியும் அந்த நான்கு கோடு, ரூட்டரின் குரல் நமக்கு எவ்வளவு நன்றாகக் கேட்கிறது என்பதை மட்டும் சொல்லும். நம் முறை எப்போது வரும் என்பது அதில் இல்லை.

"அப்ப நாப்பது பேரு ஒரே ஏவாரிகிட்ட கத்தறாங்கங்கிற" என்றார் ஐயா. அதேதான்.

கணக்கும் போட்டுக் காட்டினேன். 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற அலைவரிசையில் ஓடும் வைஃபையில் எங்கள் டேப்லெட் மாதிரி ஒற்றை ஆன்டெனா கருவிக்கு அதிகபட்சம் 72 எம்.பி.பி.எஸ்., அதாவது நொடிக்கு 72 மெகாபிட், என்று போட்டிருக்கும். கைக்கு வருவது அதில் பாதி, அதுவும் 40 பேருக்கும் பொதுவாக. ஒரு வீடியோ 40 எம்.பி. என்றால் வகுப்பு முழுவதற்கும் 1,600 எம்.பி., எட்டால் பெருக்கினால் 12,800 மெகாபிட். எல்லாம் ஒழுங்காக நடந்தாலே கிட்டத்தட்ட ஆறு நிமிடம் பிடிக்கும். எங்கள் பீரியட் நாற்பது நிமிடம். ஒழுங்காக நடக்கவும் நடக்காது, ஏனென்றால் மனித உடம்பில் பெரும்பங்கு தண்ணீர், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் உறிஞ்சிவிடும். ஞாயிற்றுக்கிழமை நான் சோதித்தது காலி வகுப்பறை. திங்கள்கிழமை அதில் 40 தண்ணீர்க்குடம் உட்கார்ந்திருந்தது.

இதற்கிடையில் எங்களுக்கு லைன் கொடுத்திருக்கும் கேபிள் அண்ணன் ஒரு வைத்தியம் செய்தார். "சிக்னல் பத்தலைங்கக்கா, இன்னும் ரெண்டு ரூட்டர் மாட்டிறலாம்." மாட்டினார். ஏ பிளாக் வராந்தாவில் ஆறு ரூட்டர் ஆனது. அதன் பிறகு, முன்னால் சுற்றாதவர்களுக்கும் சுற்ற ஆரம்பித்தது.

போனில் இலவச ஆப் ஒன்று போட்டு வராந்தாவில் நின்று பார்த்தேன். எந்த ரூட்டர் எந்தச் சேனலில், அதாவது அலைவரிசையின் எந்தப் பகுதியில், இருக்கிறது என்று மலை மாதிரி வளைகோடு போட்டுக் காட்டும். ஒன்றின் மேல் ஒன்று ஏறி, மழை விட்ட காலையில் தெரியும் ஆனைமலைத் தொடர் மாதிரி இருந்தது. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சேனல் மூன்றுதான்: 1, 6, 11. எங்கள் ஆறு ரூட்டரில் நான்கு 6-ல் உட்கார்ந்திருந்தன. எதிர்வீட்டு மாடி ரூட்டரும் அதே 6. நான்கு ஏவாரிகளும் ஒரே சந்தில் நின்று கூவினால் மாடு எப்படி விற்கும்?

இரண்டைக் கழற்றச் சொன்னேன். அண்ணனுக்கு முகம் போன போக்கு! "எல்லாரும் கூட்டச் சொல்வாங்க, நீங்க ஒருத்தர்தான் கழட்டச் சொல்றீங்க." கழற்றி, மீதியை 1, 6, 11 என்று கையால் பிரித்துப் போட்டு, சக்தியையும் குறைத்து வைத்ததும் பாதிக்குப் பாதி சரியானது. மறுபாதிக்கு நல்ல ஆக்சஸ் பாயின்ட், அதாவது வைஃபை பரப்புவதற்கென்றே இருக்கும் கருவி, வேண்டும். 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இன்னொரு அலைவரிசையிலும் பேசக்கூடியது, கூரையில் மாட்டுவது, வகுப்புக்கு ஒன்று. ஆறு கேட்டேன், நான்கு கிடைத்தது. ஏ பிளாக் பழைய கட்டிடம், சுண்ணாம்புச் சுவர் ஒன்றரை அடி கனம். 5 கிகாஹெர்ட்ஸ் அந்தச் சுவரைத் தாண்டி அடுத்த வகுப்புக்குப் போகவே போகாது. முதலில் இதைக் குறை என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, அந்தச் சுவர்தான் எங்களுக்குக் கிடைத்த துண்டு. ஒரு வகுப்பின் சத்தம் அடுத்த வகுப்புக்குக் கேட்காது.

ஆனால் 5 கிகாஹெர்ட்ஸ் பேச டேப்லெட்டுக்கும் தெரிந்திருக்க வேண்டுமே! 160-ல் முதலில் வந்த 100-க்குத் தெரியும். அந்த மாடல் தீர்ந்துவிட்டது என்று கடைசி 60-ஐ வேறு மாடலாக, சற்றே விலை குறைவாக, மாற்றிக் கொடுத்திருந்தார் விற்றவர். பெட்டியில் திரை அளவு, கேமரா, நிறம் எல்லாம் பெரிதாக அச்சடித்திருந்தது. பொடி எழுத்தில் ‘802.11 பி/ஜி/என்’ என்றும் இருந்தது. அந்த மூன்று எழுத்தோடு நின்றுவிட்டால் அது 2.4 மட்டும் என்று எடுத்துக்கொள்ளலாம். ‘ஏசி’ என்றோ, தொடக்கத்தில் ‘ஏ’ என்றோ இருந்தால்தான் 5-ம் உண்டு. டேப்லெட் வாங்கும்போது பள்ளியில் எல்லோரும் கேட்டது "வைஃபை இருக்குங்களா?" என்றுதான். விற்றவரும் பொய் சொல்லவில்லை, இருக்கிறது என்றார்.

டி செக்ஷனில் ஒரு பையன், அமெரிக்காவில் இருக்கும் மாமா அனுப்பிய டேப்லெட்டை அனுமதி வாங்கிக் கொண்டுவந்தான். அதில் எங்கள் வைஃபை பெயரே தெரியவில்லை. பக்கத்துப் பையனுக்குத் தெரிகிறது, இவனுக்கு இல்லை. அந்த வகுப்பு ரூட்டர் தானாகச் சேனல் 13-க்குப் போயிருந்தது. இந்தியாவில் 13 ஓகே. அமெரிக்காவில் விற்கும் கருவிகள் பொதுவாக 11-க்கு மேல் காது கொடுக்காது. நாட்டுக்கு நாடு ரேடியோ விதி வேறு. 2010 ஏப்ரலில் ஐபேட் வந்த புதிதில் இஸ்ரேல் அரசு அதை விமான நிலையத்திலேயே பிடுங்கி வைத்தது. அதன் வைஃபை தங்கள் நாட்டு விதிக்கு ஒத்துவருமா என்ற சந்தேகம். கொஞ்ச நாளில் தடையை எடுத்துவிட்டார்கள். எங்கள் பையனுக்குச் சேனலை 11-க்கு மாற்றியதும் வேலை முடிந்தது.

இப்போது தலைப்புக்கு வருகிறேன்.

ஆகஸ்ட் மாதம் ஸ்டாஃப் ரூமில் ஒரு பேச்சு. செவ்வாயும் வெள்ளியும் மட்டும் மத்தியானத்துக்கு மேல் நெட் வராது என்று. தமிழ் ஐயா சிரித்துக்கொண்டே சொன்னார்: "செவ்வா வெள்ளி வீட்டுல இருந்து எதையும் கொடுக்கக் கூடாதும்மா. உங்க ரூட்டரு ஆசாரமான குடும்பம் போல." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வந்து கவனித்தால், உண்மையிலேயே செவ்வாய், வெள்ளி மட்டும்தான். புதன் காலையிலும் கொஞ்சம் இருக்கும், மத்தியானத்துக்குள் தெளிந்துவிடும். பாதிக்கப்பட்ட டேப்லெட்டில் எல்லாம் ‘ஆப்டெய்னிங் ஐ.பி. அட்ரஸ்’ என்று வந்து அப்படியே நிற்கும்.

அதாவது ரூட்டர் முகவரி கொடுக்கவில்லை. நெட்வொர்க்கில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ரூட்டர் தற்காலிகமாகக் கொடுக்கும் எண்தான் அது. தமிழ் ஐயா சொன்னது எழுத்துக்கு எழுத்து சரி!

எங்கள் ரூட்டரிடம் இருந்தது 254 முகவரி. சாதாரணமாக வரும் அமைப்பு அதுதான். நான் ஜூனிலேயே ஒரு நோட்டில் கணக்குப் போட்டிருந்தேன்: டேப்லெட் 160, ஆசிரியர்கள் போன் 26, லேபில் உயிரோடு இருக்கும் சிஸ்டம் 12, ஆபீஸ், பிரிண்டர், கைரேகை மெஷின் எல்லாம் 6. மொத்தம் 204. இன்னும் 50 மிச்சம் என்று அடிக்கோடு வேறு போட்டிருந்தேன்.

ரூட்டர் முகவரி கொடுப்பது பழனியில் லாட்ஜ் ரூம் கொடுப்பது மாதிரி. 24 மணி நேரத்துக்கு இந்த ரூம் உனக்கு. நேரம் முடியும் முன்னால் வந்து புதுப்பித்துக்கொண்டால் தொடரலாம், இல்லையென்றால் அடுத்தவருக்கு. வந்தவர் யார் என்பதை மேக் அட்ரஸை வைத்துத்தான் ரூட்டர் அடையாளம் காணும். எங்கள் பள்ளியில் ஏ பிளாக், பி பிளாக், லேப், ஸ்டாஃப் என்று நான்கு வைஃபை பெயர்கள், ஆனால் பின்னால் இருப்பது ஒரே நெட்வொர்க், ஒரே 254 ரூம். பிள்ளைகள் வகுப்பில் ஏ பிளாக் வைஃபையில் இருப்பார்கள், அங்கே உண்மை எண். லேப் பீரியடுக்கு டேப்லெட்டோடு வருவார்கள், லேப் வைஃபைக்கு மாறும். ‘லேப்’ என்ற பெயருக்கு நாங்கள் அந்த 160 எண் பட்டியலும் போடவில்லை, முகமூடியும் கழற்றவே இல்லையே! அங்கே அது வேறு எண்ணோடு, வேறு ஆளாக வந்து நிற்கும். ரூட்டர் இன்னொரு ரூம் கொடுக்கும். பழைய ரூமும் 24 மணி நேரத்துக்குப் பூட்டியே கிடக்கும்.

ஒரு நாளில் ஒரு செக்ஷன் லேபுக்கு வந்தால் 40 கூடுதல், 50-க்குள் அடங்கும். செவ்வாய் ஏ, பி இரண்டு செக்ஷன். வெள்ளி சி, டி இரண்டு செக்ஷன். 204-உடன் 80. லாட்ஜ் ஃபுல்.

டைம்டேபிளை ரூட்டர் பட்டியல் பக்கத்தில் வைத்துப் பார்த்த அன்று மாலை, லேபில் தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன். வாட்ச்மேன் அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

இதைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் நடந்ததைப் படித்தேன். 2010-ல், ஐபேட் கடைக்கு வந்த அதே மாதம், அங்கே சில ஐபேடுகள் எங்கள் கதைக்கு நேர் எதிராக நடந்தன. நேரம் முடிந்த பிறகும் ரூமைக் காலி செய்யாமல் உள்ளேயே இருந்துவிட்டன. லாட்ஜ்காரர் அந்த ரூமை இன்னொருவருக்குக் கொடுத்துவிட, ஒரே முகவரியில் இரண்டு கருவி. அப்படி நடந்த ஐபேடுகளைப் பல்கலைக்கழகம் தன் நெட்வொர்க்கிலிருந்து தடுத்து வைத்தது. இத்தனைக்கும் அங்கே இருப்பவர்கள் நெட்வொர்க்கைக் கரைத்துக் குடித்தவர்கள். படித்ததும் எனக்கு ஒரு ஆறுதல்.

தீர்வு இரண்டு. புதுப்பிக்கும் நேரத்தை 24 மணியிலிருந்து 4 மணி ஆக்கினேன். 254-ஐ 1,022 ஆக்கினேன், அதற்குச் சப்நெட் மாஸ்க் என்ற இடத்தில் 255.255.255.0 என்பதை 255.255.252.0 என்று மாற்ற வேண்டும். ஒரே ஒரு எண்தான். அந்த ஒரு எண்ணால் அடுத்த நாள் ஆசிரியர்கள் யாருக்கும் வருகைப் பதிவாகவில்லை! ஆபீஸ் சிஸ்டத்துக்குப் புது முகவரி போய்விட்டது, வாசலில் இருக்கும் கைரேகை மெஷின் பழைய முகவரிக்கே வருகையை அனுப்பிக்கொண்டிருந்தது. அன்று ஸ்டாஃப் ரூம் பக்கம் நான் தலை காட்டவில்லை. பி.டி. சார் மட்டும் லேபுக்கே வந்து, "ஏனுங்க மிஸ்ஸு, நான் இன்னைக்கு லீவுங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அரையாண்டு விடுமுறை முடிந்து திறந்த நாள் இன்னொன்று. டேப்லெட்டை வீட்டுக்குக் கொடுப்பதில்லை, லேபில் பீரோவில் வைத்துச் சார்ஜ் போடுவோம். விடுமுறையில் வாட்ச்மேன் அண்ணன் நல்ல மனதோடு மெயினை அணைத்துவிட்டார். அத்தனையும் சார்ஜ் இறங்கிச் செத்துக் கிடந்தன. மறுபடி உயிர் கொடுத்தபோது பாதி டேப்லெட்டில் தேதி பல வருடம் பின்னால் போய்விட்டது. சிம் இல்லாத டேப்லெட், டவரிலிருந்து நேரம் வாங்க முடியாது, நெட்டில்தான் வாங்க வேண்டும். எங்கள் நெட்டுக்குள் போக லாகின் பக்கம் திறக்க வேண்டும். அது பாதுகாப்புச் சான்றிதழோடு வரும் பக்கம். டேப்லெட் அந்தச் சான்றிதழைப் பார்த்து, "இது இன்னும் தொடங்கவே இல்லையே" என்று திறக்க மறுக்கிறது, அதன் கணக்கில் அந்தத் தேதி இன்னும் வரவில்லை. நேரம் வாங்க லாகின் வேண்டும், லாகின் ஆக நேரம் வேண்டும். ஒவ்வொன்றாகக் கையால் தேதி வைத்தோம். பிறகு, லாகின் ஆகும் முன்பே நேரம் வாங்கும் வேலைக்கு மட்டும் வழி திறந்து வைத்தேன். மெயின் சுவிட்சில் ஒரு காகிதமும் ஒட்டினேன்.

அந்தப் பீரோ இன்னொரு வேலையும் காட்டியது. வகுப்பு நேரத்தில் 40 பேரும் இறக்குவதால்தானே சிக்கல், சாயங்காலம் சார்ஜில் இருக்கும்போது தானாக இறங்கட்டும் என்று ஏற்பாடு செய்தேன். சிஸ்டம் அப்டேட்டையும் அப்போதே முடிக்கலாம். அது டேப்லெட்டுக்கு ஒரு ஜி.பி. என்றாலும் 160 ஜி.பி., எங்கள் 100 எம்.பி.பி.எஸ். லைனை மூன்றரை மணி நேரம் விழுங்கும். காலையில் பார்த்தால் எதுவுமே இறங்கவில்லை. இரும்புப் பீரோ. கதவைச் சாத்தினால் உள்ளே வைஃபை நுழையாது. இப்போது மாலை நாலரைக்கு ஒரு கதவைத் திறந்து வைத்து, ஒரு நாளைக்கு 40 என்று முறை போட்டிருக்கிறேன். பாட வீடியோக்களை லேபில் கிடந்த பழைய சிஸ்டம் ஒன்றில் கொலிப்ரி என்ற இலவச மென்பொருளைப் போட்டு அதில் வைத்துவிட்டேன். பிள்ளைகள் அதிலிருந்தே எடுத்துக்கொள்கிறார்கள், வெளி லைன் செத்தாலும் பாடம் ஓடும். காற்றின் நெரிசல் அப்போதும் நெரிசல்தான், அதனால் ஐந்து பேருக்கு ஒரு டேப்லெட்டில் பார்க்கச் சொல்லியாகிவிட்டது. சயின்ஸ் மிஸ் இதுதான் நல்லது என்கிறார், இப்போது பேசிக்கொண்டு பார்க்கிறார்களாம்.

டேப்லெட் திரையை வகுப்பு டி.வி.யில் காட்டும் கதை தனி. டி.வி. ஒரு பக்கம், டீச்சர் டேப்லெட் வேறு வைஃபை பெயரில், ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி கருவிகளைப் பிரித்து வைக்கும் ஒரு அமைப்பை நானே பாதுகாப்புக்கென்று போட்டு வைத்திருந்தேன். மூன்று நாள் டி.வி.யைத் திட்டினேன். கடைசியில் ஹெச்.டி.எம்.ஐ. வயர் வாங்கிக் கொடுத்துவிட்டேன். துண்டு பேரம்.

2013-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் மாநகரப் பள்ளிகளில் எல்லா மாணவருக்கும் ஐபேட் என்று 1.3 பில்லியன் டாலர் திட்டம் ஒன்று தொடங்கினார்கள். அதில் பெரும் பங்கு பள்ளிகளின் இணைய வசதிக்கும் வைஃபைக்கும். அப்படி இருந்தும் தடுமாறி, அடுத்த வருடமே நிறுத்தினார்கள். அதற்கு வேறு பல காரணங்களும் உண்டு. நான் கவனித்தது அந்தப் பங்கைத்தான். எங்கள் பள்ளிக் கொட்டேஷனில் டேப்லெட் 160 என்று ஒரு வரி, அதற்குக் கீழே ‘ரூட்டர் - 2’ என்று ஒரு வரி. அவ்வளவுதான் நெட்வொர்க்.

போன வாரம் அடுத்த வருடத்துக்கான கொட்டேஷன் வந்தது. எட்டாம் வகுப்புக்கும் டேப்லெட், இன்னொரு 160. ஐயா என்னைக் கூப்பிட்டு, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, பேப்பரில் விரலை வைத்துத் தேடினார். "அந்த எழுத்து எங்கம்மணி போட்டிருக்கும்?" நான் காட்டினேன். பி/ஜி/என். பேனாவை எடுத்துச் சுழித்து, திருப்பி அனுப்பிவிட்டார். நான் கேட்ட பத்து ஆக்சஸ் பாயின்ட்டுக்கு இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

27-ம் நம்பர் டேப்லெட்டைச் சொன்னேன் அல்லவா? சி செக்ஷனில் மூன்றாவது பெஞ்சில் வைத்தால் மட்டும் இன்றைக்கும் கனெக்ட் ஆகாது. நான்காவது பெஞ்சில் ஆகிறது, இரண்டாவதில் ஆகிறது. சேனல் பார்த்தேன், பெஞ்சை மாற்றினேன், வேறு டேப்லெட்டை அங்கே வைத்தேன், அது ஓடுகிறது. அந்தப் பிள்ளை இப்போதெல்லாம் என்னைக் கூப்பிடுவதில்லை. தானே எழுந்து போய் ஜன்னலோரம் நின்று பார்க்கிறது.